முதல் நாளுக்கான சப்பாத்து

கப்பல்களுக்குள் இருபத்தொன்பது வருடம் காலம் தள்ளிய ஐயாசாமி, எந்தக் கப்பலிலும் பத்தடி தூரம்கூடப் பயணம் செய்ததில்லை. அவர் ஏறும்போது கப்பல் நிற்கும். அவர் இறங்கிய பிறகுதான் கிளம்பும். சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கித் துருவைச் சுரண்டுவார், சாயம் அடிப்பார், மேலே வந்து மூச்சு விடுவார், மறுபடி இறங்குவார். கடல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், இருட்டாக இருக்கும் என்பார்.

அவருடைய சரித்திரத்தைக் கால் வழியாகச் சொல்வதுதான் சுருக்கம். பிறந்தது ஜொகூரில், காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். ஆறு வயதுவரை காலில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போக ஒரு வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து. அதைக் காலையில் அவரும் மத்தியானம் தம்பியும் போட்டுக்கொண்டார்கள். பிறகு தோட்டத்தில் குலை வெட்டும் வேலை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். முப்பத்திரண்டு வயதில் கூலாய்க்குக் குடிவந்து, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போனபோதுதான், விரல் நுனியில் இரும்புக் கவசம் வைத்த சேஃப்டி பூட்ஸ் கிடைத்தது. அதைக் கழற்றி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஓர் ஆள் விரல் தெரியும் ஜப்பான் சிலிப்பரோடு, தேநீர்ப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கப்பலில் ஏறினான். "குடுத்துட்டு ஓடி வந்துர்றேன்" என்றான். மேலேயிருந்து சங்கிலிக் கொக்கி ஒன்று கழன்று அவன் பாதத்தில் விழுந்தது. தேநீர் சிந்தவில்லை. சிந்தியது வேறு. அன்றிலிருந்து ஐயாசாமிக்கு ஒரே ஒரு மதம். சாமி விஷயத்தில் அவர் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார். தைப்பூசத்துக்குப் போனாலும் போவார், தூங்கினாலும் தூங்குவார். ஆனால் மூடாத காலோடு கப்பலில் ஏறக்கூடாது என்பதில் அவரிடம் சலுகையே கிடையாது. அந்தப் பக்திக்குப் பலனும் கிடைத்தது. விபத்தில்லாமல் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்ததற்காகப் பட்டறை கொடுத்த சான்றிதழ், கூலாய் வீட்டு ஹாலில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், முருகனைவிட இரண்டு அங்குலம் பெரிய சட்டத்தில் தொங்குகிறது.

விபத்து, ஓய்வு பெற்ற பிறகு வந்தது. வீட்டு வாசலில். டுரியான் தோலை மிதித்து முள் குத்தியதை, இரண்டு நாள் கழித்து மனைவி தனலெட்சுமி சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். பதினைந்து வருட இனிப்பு நீர் வியாதி, பாதத்திலிருந்த உணர்ச்சியை யாருக்கும் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்திருந்தது. இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். எடுத்த இளம் டாக்டரம்மா, அடுத்த முறை பேச்சே கிடையாது என்று மலாயில், மாமா முறை வைத்துச் சொல்லிவிட்டு, பேனாவால் அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

"இன்னொரு புண் வந்தால், பாக் சிக், விரல் இல்லை. இங்கே."

அந்தக் கோட்டை தனலெட்சுமி சோப்புப் போட்டு மூன்று நாள் தேய்த்தாள். போனது. ஆனால் அவள் கண்ணுக்கு அது அதன்பிறகும் தெரிந்துகொண்டே இருந்தது. கிளினிக்கில் ஒரு செருப்புக் கொடுத்தார்கள்: கறுப்பு, தடித்த அடி, ஒட்டிப் பிரிக்கிற பட்டை, பார்த்தவுடனே நோயாளி என்று தெரிந்துவிடும் அமைப்பு. இதைத் தவிர வேறெதிலும் காலை விடக்கூடாது என்றாள் மிசி என்று எல்லோரும் கூப்பிடும் தாதி. தினமும் பொழுது சாய்ந்ததும் தனலெட்சுமி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துச் சோதிப்பாள். இரண்டு வருடம் ஒருநாள் தவறவில்லை. அவர் முகத்தை அவள் அத்தனை தடவை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் மகள் லோஷினி கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு நாள் உல்லாசக் கப்பல். லோஷினி, அவள் புருஷன் ரூபேந்திரன், அவனுடைய அப்பா மனோகரன், அம்மா ராஜம்மா, இந்தப் பக்கம் இவர்கள் இருவர். பதிவு செய்யும்போது அவள் போனில் கேட்டாள்.

"ப்பா, வீல்சேர் வேணுமான்னு ஒரு கட்டம் இருக்கு. டிக் பண்ணவா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்ப்பா. ரொம்ப தூரம் நடக்கணும் லா."

"நான் நிமித்தி வெச்ச கப்பல்லதான் ஊரு சனம் பூரா போவுது. அதுல நான் தள்ளுவண்டியில ஏறவா? விடு."

டிக் அடிக்கப்படவில்லை. வீல்சேரைவிடப் பெரிய சங்கதி ஒன்று அதில் இருந்தது: சம்பந்தி மனோகரன். நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஐயாசாமியின் கறுப்புச் செருப்பைப் பார்த்து, "சம்பந்தி, நீங்க மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பார். நல்ல எண்ணத்தில் சொல்வார். ஐயாசாமிக்கு அது குத்தும். காலில் குத்துவது தெரியாத மனிதருக்கு மற்ற இடங்களில் கூடுதலாகத் தெரியும் போலிருக்கிறது.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு லோஷினி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடைப் பட்டியல் போட்டாள். முதல் நாள்: நீலம், வெள்ளை. இரண்டாம் நாள்: பாத்தேக். மூன்றாம் நாள்: பூப்போட்டது. நாலாம் நாள்: எது மிச்சமோ அது. கீழே நட்சத்திரக் குறி போட்டு, சாப்பாட்டு மண்டபத்தில் சிலிப்பர், அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் அனுமதியில்லை என்று கப்பல் கம்பெனியின் விதி.

அந்த வாரம் முழுவதும் தாமான் குடியிருப்பின் கவனம் தனலெட்சுமியின் கால்சட்டை மேல் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஸ்கூடாய்க்குப் போய் ஒரு வெள்ளை நீளக் கால்சட்டை வாங்கி வந்திருந்தாள். போட்டுப் பார்த்தாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். பக்கத்து வீட்டுக் காளியம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்புச் சொன்னாள்.

"மேல சட்டைய நீளமா போட்டுக்க தனம். பின்னால காத்து அடிச்சுச்சுன்னா அந்தக் கப்பலுக்கு எஞ்சினே வேணாம்."

"ஒனக்குப் பொறாமை."

"பொறாமதான் லா. என் வீட்டு மனுசன் என்னைய மெர்சிங் பெர்ரிலகூட ஏத்துனதில்ல."

கட்டில் முழுக்க நீலமும் வெள்ளையும் பரவிக் கிடந்தன. சேலையா, பஞ்சாபி உடையா, கால்சட்டையா என்பதை முடிவு செய்ய ஆறு நாள் ஆனது. ஐயாசாமிக்கு ஒரு நிமிடம் ஆனது. நீல முழுக்கைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. பிறகு சமையலறைக்குப் பின்னால் போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து சேஃப்டி பூட்ஸை எடுத்து வந்து, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து பாலிஷ் போட ஆரம்பித்தார்.

தனலெட்சுமி கையில் ஊசி நூலோடு வந்து நின்றாள்.

"என்னங்க, இத ஏன் எடுத்தீங்க?"

"நாளைக்கு."

"மிசி என்னா சொன்னாங்க? அந்தச் செருப்பத் தவிர எதுலயும் கால விடாதீங்கன்னு சொன்னாங்களா இல்லியா?"

"அது தரைக்கு. மிசி எந்தக் கப்பல்ல வேல பாத்திச்சு?"

"நீங்க இப்ப வேலைக்கா போறீங்க? சுத்திப் பாக்கப் போறீங்க."

"இரும்புக்கு அது தெரியுமா? நீ வேலைக்கு வந்தியா, டூருக்கு வந்தியான்னு கேட்டுட்டா விழும்?"

"அங்க எதுங்க விழப்போவுது? நீச்சல் குளமும் பாட்டுக் கச்சேரியும்தான் இருக்காம்."

"ஒம் மவளே எழுதியிருக்கா பாரு. சிலிப்பர் கூடாதுன்னு."

"அது சாப்பாட்டு மேசைக்கு."

"சாப்பாட்டு மேசை எங்க இருக்கு? கப்பல்லதான?"

வாதத்தில் ஓட்டை இல்லை. ஐயாசாமியின் வாழ்க்கையில் சரியாக வாதாடிய சந்தர்ப்பங்கள் குறைவு. அதில் ஒன்று இது. தனலெட்சுமி விட்டுக் கொடுத்தாள், ஆனால் சும்மா விடவில்லை. மிசி கற்றுக்கொடுத்த முறைப்படி பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து வாசல் படியில் நாலு தட்டுத் தட்டினாள். காய்ந்துபோன கரப்பான் ஒன்று விழுந்தது. இரண்டுக்குள்ளும் கைவிட்டு, விரலால் மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்தாள். கல் இல்லை, ஆணி இல்லை, தையல் பிரியவில்லை. தடித்த வெள்ளைக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வைத்தாள். கறுப்புச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

"ரூமுக்குள்ள போனதும் இதத்தான் போடணும். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினார். அன்றைய கண்ணாடிச் சோதனையில் பாதம் பச்சைக் குழந்தையின் பாதம் மாதிரி இருந்தது.

அவள் கைக்கு அகப்படாத ஒன்று இடது பூட்ஸில் இருந்தது. உள்மெத்தைக்கு அடியில்.

வேலையை விட்ட கடைசி நாளில் பட்டறையில் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டார்கள். தலைக்கவசம், முழு உடுப்பு, நுழைவு அட்டை, சாமான் அலமாரியின் சாவி. பூட்ஸ் மட்டும் வேண்டாம் என்றார்கள். இன்னொருவன் போட்டதை யார் போடுவார்? இருநூற்றுப் பதினாலாம் எண் அலமாரி இருபத்தொன்பது வருடம் அவருடையது. கூலாய் வீடு அந்தச் சமயத்தில் வங்கியுடையது, மோட்டார் சைக்கிள் தவணைக்காரனுடையது, சொந்தம் என்று சொல்ல ஒரு பூட்டும் சாவியும்தான் இருந்தது. சாவி தொலைந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசலில் பையைத் திறந்து சோதிப்பார்கள் என்பதால், உள்மெத்தையைத் தூக்கி அதற்கடியில் சாவியை வைத்து அழுத்தினார். அவர் செய்த ஒரே திருட்டு. வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். வழியெல்லாம் அது உறுத்தியிருந்தால் எடுத்திருப்பார். உறுத்தவில்லை. அப்போதே அந்தக் கால் எதையும் அவரிடம் சொல்வதை நிறுத்தியிருந்தது. ஒரு வாரத்தில் சாவி தொலைந்துதான் போயிற்று என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். மூன்று வருடச் சூட்டிலும் ஈரத்திலும் அந்த மெத்தை உலர்ந்து, அப்பளம் மாதிரி ஆகிக் காத்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறையின் முதல் நாள். காலை ஐந்தரைக்கு ஐயாசாமி பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினார். எழுந்து நின்று இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார்.

"கடிக்குதா?" என்றாள் தனலெட்சுமி.

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."

பொய் இல்லை. அவருக்கு அப்படித்தான் இருந்தது.

ஜொகூர் பாருவில் ஆறு பேரும் பஸ் ஏறினார்கள். பாலத்தின் நடுவில் பஸ் நின்றது. நின்றது என்றால், டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வடை தின்னும் அளவுக்கு நின்றது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. முன்னாலிருந்த பஸ்களிலிருந்து ஆட்கள் பெட்டியோடு இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள்.

"அலமாக்," என்றார் மனோகரன். "இப்படியே போனா கப்பல் நம்மள விட்டுட்டுப் போயிரும் போல இருக்கே."

"எறங்குங்க சம்பந்தி," என்றார் ஐயாசாமி. "மிச்சம் அரை மைலுகூட இல்ல. நான் மழையில வண்டியத் தள்ளிக்கிட்டே நடந்திருக்கேன்."

"மாமா, உங்க காலு…" என்று ஆரம்பித்தான் ரூபேந்திரன்.

"என் காலுக்கென்னா? நீ பெட்டியப் புடி."

இறங்கினார்கள். வலது பக்கம் வாகன வரிசை, இடது பக்கம் தண்ணீர், தலைக்கு மேல் வெயில். ராஜம்மாவின் புதுச் செருப்பு குதிகாலில் உரித்தது. மனோகரனுடைய வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து கட்டைவிரலைக் கடித்தது. லோஷினிக்கும் பெட்டி தூக்கிய ரூபேந்திரனுக்கும் கெண்டைக்கால் இழுத்தது. தனலெட்சுமிக்கு வெள்ளைக் கால்சட்டை தொடையில் ஒட்டிக்கொண்டு நடக்கவிடவில்லை. அந்த ஆறு பேரில் கால் வலி இல்லாதவர் ஒரே ஒருவர். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க சம்பந்தி," என்று மூச்சு வாங்கினார் மனோகரன். "உங்களுக்கு என்னா இரும்புக் காலா?"

இரண்டு வருடமாக ஐயாசாமி எதிர்பார்த்த வாசகம் அது. அதைக் கேட்டபிறகு அவர் எங்கும் உட்காரவில்லை. குடிநுழைவு மண்டபத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார். ரயிலில் ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுத்தபோது அதை ராஜம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனலெட்சுமி இரண்டு தடவை கேட்டாள்.

"கால் எப்படிங்க இருக்கு?"

"சொகமா இருக்கு. ஒன் காலப் பாத்துக்க."

துறைமுக முனையத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கப்பல் நின்றது. பதினேழு மாடி. மற்ற ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஐயாசாமி குனிந்து பார்த்தார்.

"தண்ணி மட்டத்துல சாயம் உப்பியிருக்கு," என்று மருமகனிடம் சொன்னார். "அவசரத்துல அடிச்சிருக்கானுங்க. ஆனா நல்ல கப்பல். ஓடும்போது அடியில ஒரு உதறல் இருக்கும்னு சொல்வாங்க. இன்னிக்குப் பாத்துரலாம்."

அவருக்கு வேண்டியிருந்தது அந்த உதறல்தான். நீச்சல் குளம் வேண்டாம், கச்சேரி வேண்டாம். கப்பல் நகரும்போது மேல்தளத்தில் தன் இரண்டு காலில் நிற்க வேண்டும். அந்த உதறல் பாதத்தில் ஏறினாலும் தெரியாது என்பதை அவர் யோசித்தாரா என்று சொல்ல முடியாது.

உடல்நலப் படிவத்தை ரூபேந்திரன் வாசித்தான். காய்ச்சல்? இல்லை. இருமல்? இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு? இல்லை. காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெட்டிகளுக்கு அறை எண் ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். அவை ஓடும் பட்டையில் ஏறி உள்ளே போயின. அடுத்தது பாதுகாப்புச் சோதனை. மனோகரன் போனார், சத்தமில்லை. ராஜம்மா, வளையல்களைக் கழற்றிவிட்டுப் போனாள். ஐயாசாமி உலோகம் கண்டுபிடிக்கும் வாசலைத் தாண்டியதும் அது அலறியது.

சோதனை அதிகாரி ஒரு பெண். நெஞ்சில் தேன்மொழி என்று பெயர். ஐயாசாமியின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"அங்கிள், பூட்ஸ்ல இரும்பு இருக்கா?"

"இருக்கணும்மா. கப்பலாச்சே."

"கழட்டி டிரேல வைங்க."

"இது சேஃப்டி பூட்ஸ். இதப் போட்டுத்தான் ஏறணும். நான் இருபத்தொம்பது வருசம் இதே ஊர்ல கப்பல் வேல பாத்தவன்."

"அப்ப உங்களுக்கே தெரியும் அங்கிள். ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான்."

அவள் வேறு என்ன சொல்லியிருந்தாலும் அவர் வாதாடியிருப்பார். பெஞ்சில் உட்கார்ந்து, வலது பூட்ஸைக் கழற்றி வைத்தார். இடது கயிற்றை அவிழ்த்து இழுத்தார். வரவில்லை. குதிகாலைப் பிடித்து இழுத்தபோது, சேற்றிலிருந்து காலை உருவினால் வருமே, அந்தச் சத்தத்தோடு வந்தது.

வெள்ளைக் காலுறை கணுக்கால்வரை பழுப்புச் சிவப்பாக இருந்தது. அவர் காலைத் தரையில் வைத்தார். எடுத்தபோது தரையில் ஒரு பாதம் இருந்தது, நாலு விரலோடு.

"ஐயோ முருகா," என்றாள் ராஜம்மா.

ஐயாசாமி திரும்பி வரிசையைப் பார்த்தார். "யாருக்கு என்னா ஆச்சு?" என்றார்.

எல்லோரும் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார். தனலெட்சுமி வெள்ளைக் கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டு, இரண்டு அடுக்குக் காலுறையையும் உரித்தாள். பாதத்தின் முன்பக்கம், விரல்களுக்குக் கீழே, ஒரு பள்ளம். பள்ளத்துக்கு ஓர் உருவம் இருந்தது.

எக்ஸ்ரே திரைக்கு முன்னால் இருந்தவன் தேன்மொழியைக் கூப்பிட்டான். அவள் கையுறை மாட்டிக்கொண்டு பூட்ஸின் உள்மெத்தையைத் தூக்கினாள். அது துண்டு துண்டாக வந்தது. சாவியைத் தட்டில் வைத்தாள். எண் தெளிவாகத் தெரிந்தது.

"இது உங்களுதா அங்கிள்?"

ஐயாசாமி குனிந்து எண்ணைப் படித்தார். "தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தேனே," என்றார்.

கப்பல் டாக்டர் கீழே இறங்கி வந்தார். விளக்கு அடித்துப் பார்த்தார், குச்சியால் தொட்டுப் பார்த்தார். குச்சி போக வேண்டியதைவிட ஆழமாகப் போனது. வலிக்கிறதா என்றார். இல்லை என்றார் ஐயாசாமி, நல்ல செய்தி சொல்பவர் போல. டாக்டர் எழுந்து, இவரை ஏற்ற முடியாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று லோஷினியிடம் சொன்னார்.

"ஒரு தடவ மேல ஏறி நின்னுட்டு எறங்கிர்றேன்," என்றார் ஐயாசாமி. "கட்டுப் போட்டுக்கிட்டு. பத்து நிமிசம்."

"அப்பா, பேசாம இருங்க," என்றாள் லோஷினி. அழுதுகொண்டே கோபப்படுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம்.

"கப்பல் நிக்கிதுதானம்மா. நிக்கிற கப்பல்ல ஏறத்தான் எனக்குத் தெரியுமே."

அதற்கும் அனுமதியில்லை. வீல்சேர் வந்தது. அதில் உட்காரவைத்தார்கள். மனோகரன் நாங்களும் வரவில்லை, திரும்பிவிடலாம் என்றார். மனதாரத்தான் சொன்னார், ஆனால் பெட்டிகள் ஏற்கெனவே ஏறிவிட்டன, இனி இறக்க முடியாது என்று கவுண்டரில் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "போங்க சம்பந்தி, வீணாக்காதீங்க," என்றார் ஐயாசாமி. இப்படியாக மனோகரனும் ராஜம்மாவும், ஆறு பேருடைய பெட்டிகளுக்குத் துணையாக, புக்கெட் போனார்கள். மற்ற நால்வரும், சிங்கப்பூர் மருத்துவமனைச் செலவு தாங்காது என்று, வந்த பாலத்தின் வழியாகவே திரும்பினார்கள். எதிர்த்திசையில் நெரிசலே இல்லை.

ஜொகூர் அரசாங்க மருத்துவமனையில் பத்து நாள் கழுவினார்கள், மருந்து ஏற்றினார்கள், கொஞ்சம் வெட்டினார்கள், மறுபடி கழுவினார்கள். கிருமி எலும்பில் இறங்கியிருந்தது. பதினோராம் நாள் அதே டாக்டரம்மா வந்து, பேனாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே அதே இடத்தில் கோடு போட்டார். இந்தத் தடவை தனலெட்சுமி அதைத் தேய்க்கவில்லை.

அதற்குள் பெட்டி வந்து சேர்ந்திருந்தது. நாள்வாரியாகத் தாள் ஒட்டி அடுக்கியது அப்படியே இருந்தது: இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நாலாம் நாள். அடியில் கறுப்புச் செருப்பு, பையைப் பிரிக்காமல். ஐயாசாமி போகாத ஊருக்கெல்லாம் அது போய் வந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் என்ன போட்டுக்கொண்டு வருவார் என்று மிசி கேட்டபோது, தனலெட்சுமி வலது செருப்பை எடுத்துக் கொடுத்தாள். இடதை மறுபடி பையில் சுற்றி வைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. புதுசாக இருந்ததை எறிய அவளுக்குக் கை வராது, அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து மனோகரனும் ராஜம்மாவும் ஆப்பிள் பையோடு கூலாய் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் காலணியை விட்டுவிட்டு உள்ளே வந்து, சான்றிதழுக்குக் கீழே இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பேச ஒன்றுமில்லாமல் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஐயாசாமி அவராகவே கேட்டார்.

"படம் புடிச்சீங்கல்ல? காட்டுங்க."

"அதெல்லாம் இன்னொரு நாளு பாத்துக்கலாம் சம்பந்தி."

"காட்டுங்க. கப்பல் நகரும்போது உதறல் இருந்துச்சா?"

"ஒண்ணுமே தெரியல. வீட்டுல இருக்கிற மாதிரியே இருந்துச்சு."

"அப்படியா," என்றார் ஐயாசாமி. அதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

ராஜம்மா போனை எடுத்து நீட்டினாள். முதல் நாள் சாப்பாட்டு மண்டபம். சரவிளக்கு, வெள்ளை மேசை விரிப்பு, நீலச் சட்டையில் மனோகரன். ஐயாசாமி படத்தை இரண்டு விரலால் விரித்தார். முகத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, கீழே போனார். மேசைக்கு அடியில் மனோகரனுடைய கால்களில் நீல நிறச் சிலிப்பர். பக்கத்து மேசையிலும் சிலிப்பர். அதற்கடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்காரர் வெறுங்காலைக் காலின்மேல் போட்டிருந்தார்.

"பாலத்துல நடந்ததுல கட்டவிரலு வீங்கிருச்சு சம்பந்தி," என்றார் மனோகரன். "சப்பாத்து போட முடியல. உள்ள வுடுவாங்களோ மாட்டாங்களோன்னு பயந்துகிட்டே போனேன். யாரும் ஒண்ணும் கேக்கல. பாதிப் பேரு சிலிப்பர்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. ராஜம்மா அவரைப் பார்த்தாள். தனலெட்சுமி சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள்.

ஐயாசாமி படத்தை இன்னும் கொஞ்சம் விரித்தார். சிலிப்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தப்பு சம்பந்தி," என்றார். "மேல அத்தன பெரிய விளக்கு தொங்குது. அது கழண்டு இந்தக் காலு மேல விழுந்திருந்தா என்னா ஆவுறது?"

மனோகரன் தரையில் இருந்த தன் இரண்டு வெறுங்காலையும் மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.